பிரேக்குக்கு மேலே ஒரு விரல் இடைவெளி

அன்று வாசலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நீங்கள், நான், எட்டு மாத வயிற்றோடு கதிரையில் உட்கார்ந்திருந்த நம் மகள் நஸ்ரீனா, என் தங்கச்சி சுபைதா, அவளுடைய மாப்பிள்ளை லாபிர், உங்களோடு போட் கட்டும் இடத்தில் வேலை செய்த பெரியநீலாவணைச் சிவலிங்கம். வேறு ஒருவரும் இல்லை.

இன்று குளியலறைக் கண்ணாடிக்கு ஒருவர் சிலிக்கன் அடித்துவிட்டுப் போனார். வினாகிரி மாதிரிப் புளித்த அந்த மணம் வந்ததும், அந்த ஆறு பேரும் மறுபடி வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கும், நடந்ததில் இருக்காது. பேத்தியைக் காரில் ஏற்றிக் கொல்லப் பார்த்த மனுசன் என்று ஊர் உங்களைச் சொன்னது. அதைச் சுமந்துகொண்டே நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குப் போனீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து துண்டு துண்டாக லொறியில் வந்த கார் அது. கீழே பழைய வான் ஒன்றின் அடிச்சட்டமும் எஞ்சினும், மேலே பைபர் துண்டுகள். முப்பது வருசம் பைபர் போட் கட்டிய கைக்கு இது ஒரு வேலையா என்று சொல்லிச் சொல்லித்தான் பூட்டினீர்கள். அன்றைக்குத் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை அடைக்கும் நாள். இரண்டு கரையிலும் டேப் ஒட்டி, சிலிக்கனைப் பிதுக்கும் துவக்கை ஒரே இழுப்பாக இழுப்பீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் தடவிவிட்டு, காய முன்னம் டேப்பை உரிப்பீர்கள்.

பிரேக் மிதிக்கு மேலே, எஞ்சினை மறைக்கும் தடுப்பில் ஒரு இடைவெளி மிச்சம் இருந்தது. உங்களுக்கு இடுப்பு வளையாது. ஒல்லி உடம்பு என்று லாபிரிடம் டேப்பையும் துவக்கையும் கொடுத்தீர்கள். தலை உள்ளே, கால் வெளியே என்று அவர் கனநேரம் கிடந்தார்.

“இஞ்சேருங்க, நித்திரையாப் போயிட்டீங்களா?” என்று சுபைதா கேட்டாள்.

“விடுங்க தங்கச்சி, வீட்டில கிடைக்காத நித்திரை,” என்றார் சிவலிங்கம். எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. லாபிர் வெளியே வந்தபோது துவக்கில் சிலிக்கனைத் தள்ளும் கம்பி அரை விரல்கூட உள்ளே போயிருக்கவில்லை.

“அடைச்சாச்சு காக்கா,” என்றார், உங்களை மூத்த நானாவாக வைத்து அண்ணன் முறையில் கூப்பிடுகிறவர்.

“முழுக்கவா?” என்று நான் கேட்டேன்.

“ராத்தாக்கு என்னில நம்பிக்கை இல்ல.”

“ஓம், இல்ல.”

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். “உனக்கு மீன்காரன்ட தராசிலயும் சந்தேகம். சும்மா இரு.”

அடுத்த நாள், போட்டைப் பார்ப்பதுபோலவே காரையும் பார்த்தீர்கள். கணுக்கால் அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டுக் கீழே குனிந்தீர்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அஸறுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன உங்கள் நடையே வேறாக இருந்தது. போட்காரருக்குத் தண்ணீர் ஒன்றுதான் பயம். தண்ணீர் எட்டாத உயரத்தில், மிதிக்கு மேலே இருந்ததை நீங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

ஊருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடியவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை பிறந்து அம்பாறை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று மாரி மழை. குளிர் பிடிக்கும் என்று கண்ணாடியெல்லாம் ஏற்றச் சொன்னவள் நான். சம்மாந்துறை தாண்டியதும் எனக்குத் தலையிடி தொடங்கியது. நஸ்ரீனா மடியிலேயே வாந்தி எடுத்தாள். பிள்ளையின் கன்னத்தைத் தட்டினேன். அழவில்லை. கையைத் தூக்கினால் துணி மாதிரி விழுந்தது. மாவடிப்பள்ளியில் காரை நிப்பாட்டச் சொல்லி, பிள்ளையோடு மழைக்குள் இறங்கினேன். முகத்தில் மழை விழ விழத்தான் அது அழுதது. நீங்கள் வயல் கரையில் குந்திவிட்டீர்கள். “நான் என்னத்தைச் செய்து வெச்சிருக்கன்,” என்றீர்கள்.

முதலில் நான் சந்தேகப்பட்டது சிவலிங்கத்தை. சிலிக்கன் வாங்கிவந்தவர் அவர்; பழைய சரக்காக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் டோர்ச்சோடு மிதிக்கு மேலே தலையை விட்டுப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு அழகாக அடைத்திருந்தது. அதற்கு அப்பால் இரண்டு கரையிலும் டேப் ஒட்டினபடியே இருந்தது, ஒரு பொட்டுச் சிலிக்கன் படவில்லை. விரலை விட்டேன். எஞ்சின் பக்கம் போய்க் கரியோடு திரும்பியது. எஞ்சின் புகை அந்த வழியால்தான் உள்ளே வந்திருக்கிறது.

லாபிரைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். “நான் அடைச்சன் காக்கா, அது கழண்டிருக்கும்,” என்றார். சிலிக்கன் கழன்றால் டேப் எப்படிப் புதிதாக இருக்கும்? அதே வாயால் தேத்தண்ணிக் கடையில், “காக்கா காரையும் போட் மாதிரிக் கட்டினார், நான் சொல்லியும் கேக்கல்ல,” என்று கதைத்தார். அதுவும் என் காதுக்கு வந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். நீங்கள் கதவை மறித்தீர்கள்.

“விடு. உன்ட தங்கச்சிட வாழ்க்கை அது. கடைசியா நான்தான் பாத்திருக்கோணும்.”

காரை நெல் காயவிடும் படங்குச் சீலையால் மூடினீர்கள். பிறகு பேத்தியைத் தூக்குவதென்றால், எழும்பிப்போய் யன்னலைத் திறந்துவிட்டு வந்துதான் தூக்குவீர்கள். நான் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

போன கிழமை லாபிர் சுபைதாவோடு வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறாராம், போக முன்னம் எல்லோரும் செய்கிற மாதிரி வீடு வீடாக மன்னிப்பு, மாப்புக் கேட்டு வருகிறார்.

“ராத்தா, தெரிஞ்சோ தெரியாமலோ நான் செய்த பிழையெல்லாத்தையும் பொறுத்துக்கோங்க.”

“எந்தப் பிழை?”

“பொதுவாக் கேக்கிறதுதானே.”

“நான் பொதுவாப் பொறுக்கிறல்ல. ஒண்டே ஒண்டைச் சொல்லுங்க. இந்த நிமிசமே பொறுக்கிறன்.”

சுபைதா என் கையைப் பிடித்தாள். அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்டும் ஞாபகம் வரல்ல ராத்தா,” என்றார்.

வீட்டுக்கு வருகிற எல்லோரும் அந்தப் படங்குக்கு அடியில் என்ன என்று கேட்பார்கள். அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

சந்தேகப்பட்டதற்குச் சிவலிங்கத்திடம், அந்த டேப்பைக் கண்ட அன்றைக்கே போய் மாப்புக் கேட்டேன். கண்ணாடி ஏற்றச் சொன்னதற்கு ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். என்னை வாய்மூட வைத்த உங்களையும் பொறுத்துவிட்டேன். பேத்திக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், ஆள் பேர் உட்பட. அவர் ஹஜ்ஜுக்குப் போய் நல்லபடி திரும்பி வரட்டும். வந்தால் தேத்தண்ணி கொடுப்பேன், சுகம் கேட்பேன். ஆனால் நான் பொறுக்காத ஆள் ஒருவர் இருக்கிறார். அது லாபிர்.