வெள்ளை நாற்று

கார்த்திகை 14, வியாழன்

அடம்பனில் செல்லத்துரையின் நாற்றுமேடையை இன்று மறுபடியும் பார்த்தேன். சென்ற போகத்தில் மனதுக்குப் பிடித்த ஒரேயொரு நெற்செடியின் விதையைப் போத்தலில் காத்து விதைத்தவர். நாலுக்கு ஒன்று வெள்ளையாய் முளைத்தது. பக்கத்து வயலில் அடித்த களைநாசினிதான் காரணமென்று சண்டைக்குக் கிளம்பினார்; எல்லாவற்றையும் பிடுங்கி எறியவும் இருந்தார். நான் தடுத்தேன். இது களைநாசினியல்ல, விதையோடு வந்த பிறவிக் குறை; விதையிலுள்ள உணவு தீர்ந்ததும் வெள்ளை மட்டும் மூன்றாம் இலையோடு சாகும் என்றேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரையில்லை.

இன்று வெள்ளை எல்லாம் கருகிவிட்டது. பச்சை நிற்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய இலைக்கும் பதில் வந்தது: இலைக்குப் பச்சை தரும் பச்சையவுருமணிக்குள், புரதங்களைக் கட்டும் இறைபோசோமில் ஒரு புரதம் பிறவியிலேயே இல்லை. அது இல்லாமல் இலை பச்சை பிடிக்காது. பிறவிக் குறை என்று நான் ஊகித்தது சரிதான்.

“மாஸ்டர், நீங்கள் நடுங்கி நடுங்கிச் சொன்னதால நான் அரைவாசிதான் நம்பினனான்,” என்றார் செல்லத்துரை.

“நானும் அரைவாசிதான்.”

பச்சையிலும் பலவற்றில் அந்தக் குறை ஒளிந்திருக்கும். அறுவடையில் ஒவ்வொரு செடியின் விதையையும் தனிப் போத்தலில் எடுக்கச் சொன்னேன்; அடுத்த முறை எந்தப் போத்தலின் விதையில் வெள்ளை முளைக்கவில்லையோ அதுதான் குறையில்லாதது.

“ஓம், போத்தலுக்கு ஒட்டுற துண்டை நீங்களே எழுதித் தாங்கோ.”

பெருமையாயிருக்கிறது. இந்த நாட்குறிப்பில் அதை ஒளிக்க வேண்டியதில்லை. நாற்பது துண்டும் எழுதிவிட்டேன். காலையில் எண்ணியபோது பச்சை நாற்று நாற்பது. ஆனாலும் நாளை இன்னொருமுறை எண்ண வேண்டும்.