மாப்பிள்ளை, உங்கள் விரல் விசையில் இல்லை

என் அன்பு மாப்பிள்ளை சின்னையா அவர்களுக்கு,

மலாக்கா வாழ் தமிழ்ப் பெருமக்களே, நான் என் தங்கையின் கணவரோடு பேசுகிறேன். நீங்களும் அருகிருந்து கேளுங்கள். தோட்டக் காவலுக்குப் போனவர் தம் துப்பாக்கியின் குண்டுக்கே இரையானார். ‘கவனக்குறைவால் நேர்ந்த சாவு’ என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள். அந்த ஒரு சொல்லை எதிர்த்தே இம்முறையீடு.

நம் காஜா பேராங் முழுவதும் இப்போது மெர்டேக்கா, அதாவது விடுதலை, பேச்சுத்தான், மாப்பிள்ளை. நானும் மேடைதோறும் முழங்கிவிட்டு வருகிறேன். வீட்டில் தங்கை பாக்கியம் உடுத்த ஆளில்லாத உங்கள் காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து வைக்கிறாள். மகன் சுவரைப் பிடித்து நிற்கிறான். நாளை அவனிடம் என்ன சொல்வது? உன் தந்தைக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியவில்லை என்றா?

உங்களுக்கா தெரியாது? ரைபிளை வாங்கிக்கொண்டு ஸ்டென் என்னும் தொடர்சுடு துப்பாக்கியைக் கொடுத்த வாரத்தில், சோற்றுத் தட்டின் முன்னமர்ந்து நீங்கள் சொன்னது என் காதில் நிற்கிறது.

“ரைபிள்னா நம்ம கை வேல, மச்சான். கையால திறந்து மூடினாத்தான் அடுத்த தோட்டா ஏறும். ஒண்ணு வெடிக்கலன்னாலும் தள்ளிட்டு அடுத்தத ஏத்தலாம். மெதுவா சுடும், ஆனா நம்பலாம். இது அப்படியில்ல. உள்ள ஒரு இரும்புக்கட்ட, ஒரு ஸ்பிரிங்கு, அவ்ளோதான். உங்க மேடைப் பேச்சு மாதிரி! ஆரம்பிச்சா நிக்காது, நடுவுல சிக்கிக்கிட்டா ஊரே சிரிக்கும்.”

நானும் சிரித்தேன். பாக்கியம் மட்டும், “அப்ப அத மாத்திக் குடுக்கச் சொல்லுங்களேன்” என்றாள். நீங்கள் கேட்டீர்கள். ‘காட்டுக் கம்யூனிஸ்டுகள் பாயும் சாலையில் லாரிக் காவலுக்கு விரைவாய்ச் சுடுவதுதான் வேண்டும்’ என்று மறுத்துவிட்டார்கள்.

நீங்கள் இறந்த அன்று ரப்பர்ப்பால் ஏற்றிவந்த லாரி நின்றது. நீங்கள் இறங்கும்போது வார் நழுவி, துப்பாக்கி அடிக்கட்டை மோதச் சாலையில் விழுந்தது, மேல்நோக்கிச் சுட்டது. உடனிருந்தவர் கம்போங் செட்டியைச் சேர்ந்த காவலர் தேவன் ஒருவரே. அங்குள்ள செட்டி மக்களுக்கு மலாய்தான் வீட்டு மொழி; தமிழ் பேச வராத அம்மனிதர் என் கையைப் பற்றிக்கொண்டு, “ஜாத்தோ சாஜா, பாங்” என்று அழுதார். விழுந்தது மட்டும்தான் அண்ணா, என்றார். விசாரணையிலும் அதையே சொன்னார். விசையில் விரல் படாமல் எந்தத் துப்பாக்கியும் சுடாது என்று தள்ளிவிட்டார்கள்.

சென்ற கிழமை பாக்கியத்தை அழைத்துக்கொண்டு காவல் அதிகாரியைப் பார்க்கப் போனேன். அவர் தீயவரல்லர், நாற்காலி போட்டு அமர வைத்தார். இந்தத் துப்பாக்கி எளிமையானது, சேற்றில் விழுந்தாலும் சுடும், நம்பத்தக்கது என்று மலாயில் விளக்கினார். நான் அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

“விழுந்தா என்னா ஆவுதுன்னு நம்ம கண்ணு முன்னால போட்டுப் பாக்கச் சொல்லுண்ணே,” என்றாள் உங்கள் மனைவி.

அவர் தயங்கினார். பின்பு தோட்டாக்கூட்டைக் கழற்றி, குழலுக்குள் ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டு, அடிக்கட்டை படும்படி பலகைத் தரையில் போட்டார். ஒன்றும் நேரவில்லை. அவர் முகத்தில் புன்னகை வந்தது.

“இன்னொருக்கா,” என்றாள் பாக்கியம்.

மறுமுறை உள்ளே ‘டக்’ என்றது. இரும்புக்கட்டை அதிர்ச்சியில் தானே பின்வாங்கி, தானே முன்பாய்ந்து அடித்த ஓசை. தோட்டா இருந்திருந்தால் போகிற போக்கில் இழுத்து வெடித்திருக்கும். விசையை ஒருவரும் தொடவில்லை.

“வெறும் துப்பாக்கிதானே,” என்றார் அதிகாரி, குரல் தாழ்ந்து.

“அன்னிக்கு வெறுமையா இருந்துச்சா, தொரை? ஒருவாட்டி சும்மா இருக்கும், ஒருவாட்டி சுடும். அந்த ஒருவாட்டி எம் புருசன் மேல.”

நான் இதை மலாயில் பெயர்த்தபோது அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆயினும், அறிக்கை மேலிடம் போய்விட்டது, திருத்த இயலாது என்றே சொன்னார்.

பெருமக்களே, சுட வேண்டிய போது சுடுவது நம்பகத்தின் பாதி. சுடக்கூடாத போது அடங்கிக் கிடப்பது மறுபாதி. போர் அவசரத்தில் மலிவாய்ச் செய்த கருவிக்கு முதற்பாதியே போதுமென்று விட்டார்கள். கட்டையைப் பின்வாங்க விடாத பூட்டு ஒன்று இருந்திருந்தால் என் தங்கை இன்று கைம்பெண்ணல்லள். கருவியின் குறையைச் செத்தவர் தலையில் சுமத்துவது எந்த அறம்?

மாப்பிள்ளை, நாளைக் காலை அதே லாரியில், நீங்கள் அமர்ந்த இடத்தில், அதே வகைத் துப்பாக்கியோடு தேவன் ஏறுகிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த லாரி புறப்படுமுன் நான் அங்கே நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் உறுதி.

இதைப் படிப்போரே, தனியாக என்னை நிற்க விடாதீர்கள். விடியலில் வாருங்கள். தோட்டாக்கூடு கழற்றாத ஸ்டென்னோடு ஒரு காவலரும் லாரியில் ஏறக்கூடாது என்று கேளுங்கள். ரைபிளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேளுங்கள். சின்னையா பெயரின் பக்கத்திலிருந்து ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அடித்து எழுதும்வரை அந்த அலுவலக வாசலை விட்டு நகராதீர்கள்!

உங்கள் பாக்கியத்தின் தமையன்,
உங்கள் பிள்ளைக்குத் தாய்மாமன்,
இளமாறன்