இரண்டை அழுத்தினால்

நவம்பர் 11

பனி விலகவே பத்து மணி தாண்டிவிட்டது. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஆனாலும் உருப்படியாக ஒன்று நடந்தது. 'களம்' முடிந்தது.

இப்போதே எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு பெருமைப்பட நேரம் இருக்காது. ஜாவா மொழியில் நான் எழுதிய மென்பொருள் கூறு அது. எதையாவது பரப்பிக் காயவைக்கிற இடத்தில் ஒரு சின்னக் கருவி இருக்கும். காற்றின் ஈரத்தைப் பார்த்து மழை நெருங்குகிறது என்று அது சொன்னதும் 'களம்' அந்த இடத்துக்கு உரியவருக்கு போன் போடும். அவர் எடுத்து ஒன்றை அழுத்தினால் சேதி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம், அலாரம் அடங்கிவிடும். எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். யார், எந்த ஊர், காய்வது என்ன என்பதெல்லாம் உள்ளே கிடையாது, வெளியிலிருந்து கொடுக்க வேண்டியது. உள்ளே ஒரு வரியைக்கூடத் தொடாமல் எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம். அதற்காகத்தான் இத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது.

பெங்களூர் ஆபீசில் எனக்கு மேலே இருக்கிற காயத்ரியிடம் காட்டினேன். "மூணு இடத்துல, மூணு விதமான ஆளுங்ககிட்ட, உள்ள கை வைக்காம இந்த சீசன் முழுக்க ஓடட்டும் ஹேமா. நீ ஏற்காட்டுலயே இருந்துக்கோ, மேல நான் பேசிக்கறேன். இல்லேன்னா பிப்ரவரியில எல்லாரையும் போல நீயும் ஆபீஸ்தான்."

போக எனக்கு விருப்பமில்லை. கல்யாணமான நாளிலிருந்து போன வருஷம் வரைக்கும் ரஞ்சித் இங்கே ஓட்டலில், நான் பெங்களூரில். சனிக்கிழமைப் புருஷன், சனிக்கிழமைப் பெண்டாட்டி. ஒரே வீட்டில் இருந்து சண்டை போட இப்போதுதான் பழகியிருக்கிறோம். அதைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை.

நவம்பர் 18

நாகலூர் எஸ்டேட்டில் வைத்தாயிற்று. அங்கே கணக்கும் ஆட்களையும் பார்க்கிற ரைட்டர் கந்தசாமி முதலில் கருவியை ஏற இறங்கப் பார்த்தார். "இதென்னுங்க, கொசு மருந்து மிஷினா?" என்றார். மதியமே மழை வந்து அவர் வாயை அடைத்தது. போனை எடுத்தார், ஒன்றை அழுத்தினார், ஒரு விசில். ஆட்கள் தார்ப்பாயோடு ஓடினார்கள். ஒரு காப்பிக் கொட்டைகூட நனையவில்லை.

"பரவால்லீங்க, பொழச்சுக்கும்" என்றார். அது என்னைச் சொன்னாரா, கருவியையா?

நவம்பர் 25

இரண்டாவது இடம் ரஞ்சித்தின் ஓட்டல் மாடி. அங்கே காய்வது பெட்ஷீட். அதே கூறு, காப்பி என்ற இடத்தில் துணி. நாகலூருக்கு எழுதியதில் ஒரு எழுத்து மாறவில்லை. துணி பார்க்கிற இளவரசியின் நம்பரைக் கொடுத்தேன்.

ரஞ்சித் அங்கே மேனேஜர் என்பதால் கேலிக்குக் குறைவில்லை. "உன் களத்துல என் பெட்ஷீட் காயுது. அறுவடை எப்போ?"

டிசம்பர் 2

தலைச்சோலை. மூன்றாவது.

இது எஸ்டேட் இல்லை. சின்னச் சின்ன விவசாயிகள், எல்லாரும் பங்காளிகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே களம். முறை வைத்துக் காயப்போடுகிறார்கள். ஐயாக்கண்ணுதான் பெரியவர். அவர் மனைவி கண்ணம்மாள் அக்கா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "செருப்பக் கழட்டிட்டு வா கண்ணு. களத்துல செருப்போட எறங்கக் கூடாது." கழற்றினேன். சிமெண்டுத் தரை சில்லென்று ஏறியது.

முறைப்படி ஐயாக்கண்ணு நம்பர் முதலில், பிறகு அவர் தம்பிகள், பெரியப்பா மகன்கள் என்று வரிசையாக ஏற்றினேன். "போன் வந்து சேதி கேட்டீங்கன்னா ஒண்ணை அழுத்துங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். ஐயாக்கண்ணு இரண்டு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

டிசம்பர் 8

மூன்று இடம், ஒரே கூறு, உள்ளே கை வைக்கவில்லை. காயத்ரி கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

டிசம்பர் 15

மாலையில் நல்ல மழை. மூன்று இடத்திலும் அலாரம் போயிற்று, மூன்றிலும் ஒன்று அழுத்தப்பட்டது. திரையில் எல்லாம் பச்சை. பஜ்ஜி போட்டேன்.

டிசம்பர் 16

தலைச்சோலைக் காப்பி மொத்தமும் நனைந்துவிட்டது.

காலையில் கண்ணம்மாள் அக்கா போன். திட்டவில்லை. "ஒரு எட்டு வந்துட்டுப் போ சாமி" என்றார். அந்தக் குரலுக்குத் திட்டே தேவலை.

போனேன். களம் முழுக்கக் காப்பிப் பழம் ஊறி, புளித்த வாடை. ஓரத்தில் தண்ணீர் கட்டி நிற்கிறது. எல்லாரும் களத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அலாரம் போயிருக்கிறது, அழுத்தியும் இருக்கிறார்கள், பிறகு என்ன கேடு? தார்ப்பாய் பக்கத்திலேயே சுருட்டிக் கிடக்கிறது. அப்படியே கேட்டுவிட்டேன், எடுத்துப் போட்டிருக்கக் கூடாதா என்று.

"ஏங்கண்ணு, உங்க ஊட்டுல எழவு விழுந்தா அடுத்த நாளே சாமி ரூமுக்குள்ள போயிருவியா?" என்றார் அக்கா.

ஐயாக்கண்ணுவின் சித்தப்பா இறந்து இன்னும் கருமாதி ஆகவில்லை. பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு, ஒருவரும் களத்தில் கால் வைக்கக் கூடாது. அந்த நாட்களில் மாமன் மச்சான் வகையறாதான் வந்து காப்பியைக் கிளறிவிடுவது. கிளியூரிலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பி நேற்று மதியம்தான் தன் வீட்டு வேலைக்காகத் திரும்பிப் போயிருக்கிறார். நான் ஏற்றி வைத்த நம்பர்கள் முழுக்கப் பங்காளிகள்.

"அப்போ ஏனுங்க ஒண்ணை அழுத்துனீங்க?"

ஐயாக்கண்ணு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "சேதி கேட்டா அமுக்கச் சொன்னியே சாமி. கேட்டேன், அமுக்குனேன். கேக்கலேன்னு பொய் சொல்றதா?"

அழுத்திவிட்டு மச்சானுக்கு போன் போட்டிருக்கிறார். மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. என் கூறு அதற்குள் வேலை முடிந்தது என்று படுத்துவிட்டது.

அவர்களால் முடியாததை நான் செய்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, அக்கா கரையில் நின்று சொல்லச் சொல்ல, தண்ணீரைத் தள்ளிப் பழத்தைக் கிளறினேன். பாதி தேறாது என்று எனக்கே தெரிந்தது.

டிசம்பர் 17

காயத்ரி: "லாக்ல பதிவெல்லாம் பார்த்தேன். அலாரம் போயிருக்கு, அவர் அழுத்தியிருக்கார். உன் கூறு சொன்னதைச் செஞ்சிருக்கு. பயன்படுத்தினவங்க தப்புன்னு எழுதிடு. வேணும்னா தலைச்சோலைக்கு மட்டும் தனியா ஒண்ணு ஒட்டிக்கோ. உள்ள மட்டும் கை வைக்காதே."

ரஞ்சித்தும் அதையேதான் சொன்னார். "அவங்க ஊர் வழக்கம் உனக்கு எப்படித் தெரியும்? விடு."

விடலாம். விட்டால் இங்கேயே இருக்கலாம். தப்பு யாருடையது என்று யாரும் கேட்கப் போவதில்லை, ஐயாக்கண்ணு நிச்சயமாகக் கேட்க மாட்டார். அவருடைய தப்பு என்றே எழுதிவிட்டால் என்ன?

டிசம்பர் 19

தலைச்சோலையின் விசேஷமான வழக்கம், மற்ற இடத்தில் இந்தத் தொல்லை வராது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓட்டலுக்குச் சாப்பிடப் போனபோது இளவரசி அதையும் கெடுத்தாள்.

"ஏனுங்கக்கா, அன்னிக்கு மழையப்போ லீவுல சேலத்துல இருந்தேன், போனு வந்துச்சு. நானும் ஒண்ணு அமுக்கிட்டேன். சார்தான் மாடிக்கு ஓடி ஒத்தையா நின்னு அம்புட்டு பெட்ஷீட்டையும் வாரிட்டு வந்தாருங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். "அய்யோ, உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ரஞ்சித் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார். "சொன்னா நீ உள்ள கை வெப்பே. வெச்சா போயிருவே. பெட்ஷீட்டுதானே, நானே எடுத்துட்டுப் போறேன்னு விட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. என்ன மனுஷன் இவர்! என் கூறு ஓடுகிறது என்று நான் பஜ்ஜி சுட்டுக்கொண்டிருக்கிறேன், ஓடியது இவர்.

டிசம்பர் 21

வரி வரியாகப் பார்த்தேன். ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை, காப்பி என்ற சொல்கூட இல்லை. ஆனாலும் நாகலூர் எஸ்டேட் முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அங்கே கந்தசாமி கேட்டால் போதும், விசில் அடிப்பார், ஆட்கள் ஓடுவார்கள். கேட்டதும் செய்ததும் அங்கே ஒன்று. அதைத்தான் உலகத்துக்கே பொதுவென்று எழுதி வைத்திருக்கிறேன். பதில் வாங்குகிற அந்த மெத்தடுக்கு ஆம், இல்லை தவிர வேறு பதில் தெரியாது. 'கேட்டேன், ஆனால் என்னால் முடியாது' என்று சொல்ல ஐயாக்கண்ணுவுக்கு நான் வழியே வைக்கவில்லை.

தலைச்சோலைக்கு மட்டும் ஏதாவது ஒட்டினால் இந்த ஓட்டை அப்படியே இருக்கும். நாலாவது இடத்தில் வேறு யாரோ நனைவார்கள்.

டிசம்பர் 23

காயத்ரிக்கு எழுதிவிட்டேன். தப்பு கூறினுடையது, உள்ளே மாற்றப் போகிறேன், மூன்று இடத்திலும் மாறும்.

அவள் பதில்: "நேர்மை எல்லாம் சரி. பிப்ரவரி ஞாபகம் இருக்கில்ல?"

ரஞ்சித்திடமும் சொன்னேன். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜனவரி 9

புதுக் களம். ஒன்று: போகிறேன். இரண்டு: போக முடியாது. மூடி முடித்ததும் மூன்று. இரண்டை அழுத்தினால் உடனே அடுத்தவருக்குப் போகும். மூன்று வரும்வரைக்கும் அடங்காது. யாருக்கு அடுத்து யார் என்பதை அந்தந்த இடத்துக்காரர்களே எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கந்தசாமிக்குப் பிடிக்கவில்லை. "ஒரு பொத்தான் இருந்தத மூணாக்கிட்டீங்க. நொம்பப் படிச்சா இப்பிடித்தானுங்க." ஓட்டலில் இளவரசி தானே நம்பர் வரிசையை மாற்றிவிட்டாள், ரஞ்சித் வெளியே வரவில்லை.

ஜனவரி 12

தலைச்சோலையில் நம்பர்களை மாற்றி ஏற்றினேன். பங்காளிகளுக்குப் பிறகு கிளியூர் மச்சான். கடைசியில் என் நம்பரையும் போடச் சொன்னார் கண்ணம்மாள் அக்கா. "உனக்குத்தான் எங்க தீட்டு ஒட்டாதே. அன்னிக்கு எறங்கிக் கிளறுனவதானே நீ."

"நான் பெங்களூர் போறனுங்க அக்கா."

"அப்ப உங்க ஊட்டுக்காரரு நம்பரையும் சேத்துப் போடு."

"அவரு வரமாட்டாருங்க. என்கிட்டயே பேசறதில்ல."

"போடு கண்ணு. போட்டா என்ன, கருவி கடிக்குமா?"

போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, சாப்பாடு எடுத்து வைத்தேன் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாதபோது?

பிப்ரவரி 2

பெங்களூர். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். பெட்டியை ஏற்றினார். தண்ணி பாட்டில் இருக்கா என்றார். இருக்கு என்றேன்.

பிப்ரவரி 21

வேலை. ஹாஸ்டல் சாம்பார் இனிக்கிறது.

மார்ச் 8

சனிக்கிழமை. போகவில்லை. வா என்று அவர் சொல்லவில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. பிடிவாதத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மார்க்.

மார்ச் 28

புதுக் களத்தை வேறு இரண்டு ஊர்களில் வைக்கிறார்களாம். உள்ளே யாரும் கை வைக்கத் தேவைப்படவில்லை. மீட்டிங்கில் காயத்ரி அதைச் சொன்னபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரல் 7

மதியம் மீட்டிங்கில் இருந்தேன். போன் அடித்தது. என் கூறின் குரல்: தலைச்சோலைக் களம், மழை வருகிறது.

வெளியே ஓடி வந்து லேப்டாப்பைத் திறந்தேன். களத்தில் மிளகு காய்கிறது. ஐயாக்கண்ணு இரண்டு. தம்பிகள், பெரியப்பா மகன்கள் இரண்டு, இரண்டு. கிளியூர் மச்சானும் இரண்டு. அக்கா முன்பே போனில் சொல்லியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது, இன்று கிளியூரில் மச்சான் வீட்டுக் கல்யாணம். மொத்தப் பேரும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் உள்ளதைச் சொல்லிவிட்டு என்னிடம் தள்ளியிருக்கிறார்கள்.

நான் இங்கே நிற்கிறேன், கண்ணாடிக் கட்டடத்தில். ஒன்றை அழுத்த விரல் போயிற்று, சத்தியமாகப் போயிற்று. முடியாது என்று என் கையாலேயே சொல்ல அத்தனை வலித்தது. இரண்டை அழுத்தினேன்.

அடுத்த பெயர் ரஞ்சித். மணி அடிக்கிறது, அடிக்கிறது. இதில் தன் நம்பர் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஏதோ விளம்பரம் என்று வைத்துவிடுவார். இன்றைக்கும் நனைந்துவிட்டால் ஐயாக்கண்ணு முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஒன்று.

திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். காயத்ரி வந்து என்னாச்சு என்றாள். ஒன்றுமில்லை என்றேன். ஓட்டலிலிருந்து தலைச்சோலைக்கு பைக்கில் அந்த வளைவுகளில் எவ்வளவு வேகமாகப் போக முடியும்? போகட்டும், மெதுவாகவே போகட்டும், விழுந்து வைக்காமல் இருந்தால் சரி.

மூன்று.

உடனே அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"மொளகு நனையல. நாந்தான் தொப்பலா நனைஞ்சுட்டேன். செருப்பக் கழட்டிட்டுத்தான் எறங்குனேன், அக்காகிட்ட சொல்லிரு."

"சரிங்க."

"ஆமா, என்னை எப்ப இதுல சேத்தே?"

"ஜனவரியில."

"ஒரு வார்த்தை சொல்லவே இல்ல?"

"நீங்களும்தான் பெட்ஷீட்டைச் சொல்லல."

சிரித்தார். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. தார்ப்பாய் மேல் மழை விழுகிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.