நான் இந்த வீட்டில்தான் வசிக்கிறேன்

அனுப்புநர்:
க. பரசுராமன், வயது 27,
த/பெ. காலஞ்சென்ற கண்ணாயிரம்,
லேத் கடைசல் தொழிலாளி,
14, பச்சையம்மன் கோயில் குறுக்குத் தெரு,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

பெறுநர்:
உயர்திரு காவல்துறைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: கனடா நாட்டில் தொழில் தெரிந்தவர் என்ற முறையில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்தது – பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் ‘இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை’ என்று பதிவானது – மறு விசாரணை கோருவது.

பார்வை: பாஸ்போர்ட் அலுவலகக் கடிதம், நாள் 27-1-1970.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லாத ஆள் என்று பதிவாகியிருக்கிற நான், இருந்துகொண்டு எழுதும் மனு இது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். விசாரிக்க வந்த ஏட்டையா மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை. அவர் கேட்டார், கேட்டவர்கள் சொன்னதை எழுதினார். கோளாறு எங்கள் தெருவில்தான்.

1. நான் ஒன்பது ஆண்டுகளாக இவ்வூர்ப் பட்டறை ஒன்றில் லேத்தில் வேலை செய்கிறேன். அரவை மில்லின் தண்டானாலும் பம்புசெட்டின் புஷ்ஷானாலும் மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுப்பேன். இதைத் தற்பெருமையாகக் கொள்ள வேண்டாம். கனடா விண்ணப்பத்தில் இப்படித்தான் எழுதச் சொன்னார்கள். அந்நாட்டார் வயது, படிப்பு, தொழில், பாஷை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். நூற்றுக்கு ஐம்பது வாங்கினால் தேறலாம். சென்னையில் நேர்முகம் கண்ட அதிகாரி எனக்கு ஐம்பத்து மூன்று கொடுத்தார். பிரெஞ்சு பாஷைக்குப் பூஜ்யம், ஆங்கிலத்துக்குப் பாவம் பார்த்துப் போட்டது, மற்றதெல்லாம் என் கைவேலைக்கும் வயதுக்கும் கிடைத்தவை. வருகிற மார்ச் 31-ஆம் தேதிக்குள் பாஸ்போர்ட் எண்ணை நான் தெரிவிக்க வேண்டும். தவறினால் என் விண்ணப்பத்தை முடித்துவிடுவார்கள்.

2. சென்ற டிசம்பர் 2-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பகலில், நான் பட்டறையில் இருந்த நேரத்தில், ஏட்டையா எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தனசேகரனை முதலில் கேட்டிருக்கிறார். “அந்தப் பேர்ல இங்க யாரும் கெடையாதுங்க” என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்போது என் சைக்கிள், என் பெயர் பெயிண்டில் எழுதியபடியே, பஞ்சர் ஒட்டுவதற்காக அவர் காலடியில் கவிழ்ந்து கிடந்தது. எதிர்வீட்டுக் கோதண்டபாணி தறியிலிருந்து எழுந்து வந்து, “இருந்தான் சார், நாலு வருசத்துக்கு முன்னாடியே காலி பண்ணிக்கினு பூட்டான்” என்று சொன்னாராம். ஒருவர் ஆளே இல்லை என்கிறார், இன்னொருவர் இருந்து போய்விட்டான் என்கிறார். கடைசியாக ஏட்டையா என் வீட்டு வாசலுக்கே வந்து, அங்கிருந்த என் அக்கா அங்கம்மாளைக் கேட்டிருக்கிறார். அவர், “எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டார். கொடியில் என் சட்டை இரண்டு காய்ந்துகொண்டிருந்தன.

3. ஐயா, எங்கள் தெருவுக்குள் காக்கி உடுப்பு வருவது அபூர்வம். வந்தால் மதுவிலக்கு கேஸாக இருக்கும், இல்லாவிட்டால் ஜப்தியாக இருக்கும். பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் வரும் என்று இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. கனடா விஷயத்தை நானும் தெருவில் சொல்லவில்லை. கண்பட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது என் தப்பு. என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் அவர்கள் பொய் சொன்னார்கள். மாலையில் நான் திரும்பியதும் ஆளுக்கொரு பக்கமாக வந்து நின்றுகொண்டார்கள். “போலீஸ் வந்துச்சுபா. நாங்க மூச்சு விடல. ரெண்டு நாளு எங்கனா போயி இருந்துட்டு வா” என்றார்கள். இட்லிக்கடைப் பூவம்மாள் பொட்டலம் கட்டி என் கையில் திணித்தார். எல்லோர் முகத்திலும் ஒரு பெருமை இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானும் பயந்துபோய் அன்றே வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். என்ன குற்றம் செய்தேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. இருந்தாலும் தெரிந்தவர் ஒருவரின் அரிசி மில்லில், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில், இரண்டு நாள் ஒளிந்திருந்தேன். ஆகவே அந்த இரண்டு நாளைக்கு மட்டும் அறிக்கை சரிதான்.

4. பார்வையில் கண்ட கடிதம் வந்தபோதுதான் ஏட்டையா எதற்காக வந்தார் என்பது விளங்கியது. அதைத் தெருவாரிடம் படித்துக் காட்டினேன். கோதண்டபாணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் இங்கேதான் வசிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டபோது முதலில் யாரும் பேனாவைத் தொடவில்லை. “அன்னிக்கு இல்லன்னுட்டு இன்னிக்கு இருக்கான்னா, பொய் சொன்னதுக்கு எங்கள உள்ள தள்ளிடுவாங்கபா” என்றார் தனசேகரன். அப்படி எதுவும் நேராது என்று தங்களைக் கேட்காமலே தங்கள் சார்பில் உறுதி சொல்லிவிட்டேன். மன்னிக்கவும். பத்து நாள் நடையாக நடந்து இருபத்து மூன்று பேரிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கி இத்துடன் இணைத்துள்ளேன்.

5. அதில் என் அக்காவின் ரேகை இல்லை. இந்த மனு தாமதமானதற்கும் அதுவே காரணம்.

எனக்கு ஆறு வயதாயிருக்கும்போது பெற்றோர் இருவரும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்விட்டார்கள். அக்காவுக்கு அப்போது பதினேழு. மாகறலில் வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ‘நீ இரு, பையனை வைத்துக்கொள்ள முடியாது’ என்று புகுந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இவ்வூருக்கு வந்தார், திரும்பிப் போகவில்லை. பட்டு நூல் இழைத்துத்தான் என்னை வளர்த்தார், தொழிற்பயிற்சிக்கும் அனுப்பினார்.

மற்றவர்களைப் போல அவரும் பயத்தில்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக் காகிதத்தை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. “மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ‘கேஸு ஒண்ணும் இல்லம்மா, வெளிநாடு போறதுக்கு விசாரிக்கிறோம்’னு ஏட்டையா சொன்னாரு. தெரிஞ்சிக்கினுதான் இல்லன்னேன்” என்றார். ஏன் அக்கா என்று கேட்டேன். “நீ காயிதத்துல எனக்கு யாரும் இல்லன்னு எழுதினியே. நீ எழுதலாம், நான் சொல்லக்கூடாதா?” என்றார்.

அவர் சொன்னது உண்மை. கனடா விண்ணப்பத்தில் உடன் வருகிறவர், சார்ந்திருப்பவர் என்று ஓர் இடம் உண்டு. மனைவி, மக்களைத்தான் அங்கே எழுதலாம், அக்காவுக்கு இடமில்லை. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே ‘எவருமில்லை’ என்று எழுதினேன். பூர்த்தி செய்த அன்று ஒவ்வொரு வரியாக அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னவனும் நான்தான். அந்த வரி வந்தபோதும் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

அங்கே போய் நிலைத்த பிறகு உடன்பிறந்தவர்களை அழைத்துக்கொள்ள வழி உண்டு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சோறு போட்டார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை ஐயா, என் மீதுதான் வருகிறது. அதற்காகப் போகும் ஆசை விட்டுவிட்டது என்றும் சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். எனக்குப் போக வேண்டும். ஆனால் அவரை வற்புறுத்தி ரேகை வாங்க என்னால் முடியவில்லை.

6. ஆகையால் தங்களை வேண்டிக்கொள்வது: பொய் சொன்னதற்காக எங்கள் தெருவார் மீது நடவடிக்கை வேண்டாம். மார்ச் மாதத்துக்குள் ஒரு முறை மறு விசாரணைக்கு ஆள் அனுப்பவும். வருகிறவர் தெருவில் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இனி என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குப் பாடமாகிவிட்டது. என் அக்கா அங்கம்மாளை மட்டும் கேட்கட்டும். நான் பட்டறையில் இருக்கும் பகல் நேரமாகப் பார்த்து வரட்டும். இன்னது சொல் என்று அவருக்கு நான் சொல்லித்தர மாட்டேன். இப்படி ஒரு மனு எழுதியிருப்பதையும் அவரிடம் சொல்லவில்லை.

தம்பி இருக்கிறான் என்று அவர் சொன்னால் அதை எழுதி அனுப்பவும். இல்லை என்று மறுபடியும் சொன்னால் அதையும் அப்படியே எழுதிவிடவும். அதற்கு மேல் நான் மனு போட மாட்டேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

க. பரசுராமன்

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 18-2-1970