போவது யார்

திரௌபதி அம்மன் துணை

மரக்காணம்
12-6-77

சிரஞ்சீவி தட்சணாமூர்த்திக்கு அம்மா எழுதிக்கொண்டது. பம்பாயில் உன் உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது என்று தெரியும், அதனால் நலமா என்று கேட்கவில்லை. இங்கே நானும் உன் அப்பாவும் உன் பெண்டாட்டி பாஞ்சாலையும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. வெயில் நன்றாகக் காய்ந்து உப்பு திரண்டு வந்த நேரத்தில் போன வாரம் மழை கொட்டி நம் உப்பளத்துப் பாத்தியெல்லாம் கரைந்துவிட்டது. அப்பா வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தபால்காரர் உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் நீட்டிவிட்டுக் கால் கழுவப் போனார்.

பாஞ்சாலையிடம் டெலிபோனில் விளக்கமாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அவள் மனப்பூர்வமாகச் சம்மதித்து நன்றியும் சொன்னாளாம். ஆகையால் ஆடி பிறப்பதற்குள் அவளை வானூரில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டுமாம், வக்கீல் காகிதம் பின்னால் வருமாம், கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டுமாம், உன் ஆபீசில் டைப் அடிக்கிற பெண்ணை நீ கட்டிக்கொள்ளப் போகிறாயாம். பெற்றவர்கள் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. பெருந்தன்மை என்ற சொல்லைத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறாய், அந்த மட்டில் உன்னைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை. ஆனால் அந்த டெலிபோனில் என்ன நடந்தது என்று உனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் கூசுவாயா என்பது எனக்குச் சந்தேகம்தான், இருந்தாலும் எழுதுகிறேன், முழுக்கப் படி.

கல்யாணம் ஆகி நீ பம்பாய் போகும்போது குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்றாய். குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு, இங்கே எல்லாரும் இங்கிலீஷ் பேசுகிறவர்கள், இவளை எப்படிக் கொண்டுவந்து நிறுத்துவது, முதலில் கற்றுக்கொள்ளட்டும் என்று எழுதினாய். அந்தப் பெண் அதை நம்பி, உப்பு வாரும் காலத்தில்கூட விடாமல், கூனிமேட்டுக்கு பஸ் ஏறிப்போய் சுரையா டீச்சரிடம் படித்தாள். டீச்சர் நோன்பு நாளிலும் இவளைத் திருப்பி அனுப்பியதில்லை. படித்ததை இவள் வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொல்வாள், நானும் கேட்டுக்கொள்வேன். பள்ளிக்கூடம் பார்க்காமல் தமிழ் எழுத்தும் வீட்டுக் கணக்கும் கற்றுக்கொண்டவள் நான், இதுவும் கொஞ்சம் ஏறியது. இன்ஃபினிட்டிவ் என்று ஒரு பாடம் வந்தது, அதில்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டாள். வினைக்கு முன்னால் டு போட்டால் டு கம், டு கோ, டு ஈட், நம்முடைய வர, போக, சாப்பிட என்பது மாதிரி. அதில் காலம் கிடையாது, ஆளும் கிடையாது. அந்த டு ஒரு ஊருக்கோ வீட்டுக்கோ முன்னால் வந்தால் மட்டும் அது வேறே டு, நம்முடைய க்கு. எந்த டு எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இவள் வாய்க்குள் பிரித்துக்கொண்டிருப்பாள்.

நீ தபால் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டு அவளைப் பரீட்சை வைப்பாய். ஒரு தடவை அவள் ஐ ஆம் வாண்டிங் கமிங் என்று சொன்னதற்கு நீ சிரித்த சிரிப்பு ரிசீவரைத் தாண்டி போஸ்ட்மாஸ்டர் மேஜை வரைக்கும் கேட்டது. ஐ வாண்ட் டு கம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாய். ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள் எல்லாரும் நின்று பாடம் கேட்டார்கள். அதிலிருந்து மீன்கார பொன்னி என்னைப் பார்த்தால் விடுவதில்லை, "இன்னாம்மா, உம் மருமவ இன்னும் டு கம்லதான் கீறாளா, எப்ப டு கோ?" என்று கூடையை இறக்கி வைத்துக் கேட்பாள். நான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பாஞ்சாலை அவளுக்கே இன்ஃபினிட்டிவ் சொல்லிக்கொடுக்கப் பார்ப்பாள். அப்படி ஒரு பிறவி.

கடைசியாக நீ கூப்பிட்ட அன்று நானும் கூடப் போயிருந்தேன். லைன் இரைச்சல், இவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். நீ சொன்னதை ஒருதரம் மெதுவாக வாய்க்குள் சொல்லிப்பார்த்தாள், முகமெல்லாம் மலர்ந்துபோய், எஸ், தாங்க்யூ, தாங்க்யூ என்றாள். நீ வைத்துவிட்டாய். இதுதான் உன் விளக்கம், இதுதான் அவள் சம்மதம். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, ஐ வாண்ட் யூ டு கோ டு யுவர் ஃபாதர்ஸ் ஹவுஸ்னாரு. ரெண்டு டு வருது பாருங்க, மொதல் டு கோவோடது, ரெண்டாவது வூட்டுக்குன்ற க்கு. எங்கப்பா வூட்டுக்குப் போக விரும்பறாராம்" என்றாள். இரண்டு டுவையும் பிரித்துவிட்ட சந்தோஷத்தில் நடுவே நின்ற யூவை விட்டுவிட்டாள். எனக்கும் தோன்றவில்லை. தலைதீபாவளிக்குக்கூட வானூர் வாசலை மிதிக்காதவன் நீ, இப்போது போக ஆசைப்படுகிறாய் என்றால் கூட்டிப்போக வருகிறாய் என்றுதானே அர்த்தம் என்று நானே அவளுக்கு எடுத்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். இவள் தன் அப்பாவுக்குக் கார்டு போட்டாள்.

உன் மாமனார் காசிலிங்கம் மல்லாட்டைக் கடலை வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். பம்பாய் மாப்பிள்ளை பாயில் உட்கார மாட்டார் என்று யாரிடமோ கேட்டு நாற்காலி வாங்கி வைத்தார். திண்டிவனத்து பஸ் வரும்போதெல்லாம் சலவை வேட்டியோடு போய் நிற்பாராம். கடைக்காரர்கள் அவர் காதுபடவே, "இந்த பஸ்ல டிரைவர்தான் வந்தாரு முதலாளி, மாப்ளே வரல" என்பார்களாம். அவரும் சேர்ந்து சிரிப்பாராம். அவர் அப்படி நின்றுகொண்டிருந்த நாட்களில்தான் நீ உட்கார்ந்து பெருந்தன்மை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

உன் கடிதத்தை நான்தான் பாஞ்சாலைக்குப் படித்துக் காட்டினேன். மறைக்கலாமா என்று யோசிக்கவில்லை, அவளைப் பற்றி எழுதியதை அவள் கேட்க வேண்டும். அவள் அழவில்லை. நான் சம்மதம் சொல்லலையே அத்தே, அவரு சொன்னது அது இல்லையே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் இருவரும் கூனிமேடு போனோம். டீச்சர் அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லச் சொன்னார். இவள் எழுத்துப் பிசகாமல் சொன்னாள், யூவோடு சேர்த்துத்தான் சொன்னாள், அவ்வளவு நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது. டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "டு கோவுக்குள்ள ஆளு இல்லம்மா. போறது யாருன்னு அதுக்கு முன்னாடிதான் பாக்கணும். வாண்டுக்கும் டுவுக்கும் நடுவுல ஒருத்தர் நிக்கிறாங்க பாரு, அவங்கதான் போறாங்க" என்றார். இவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப நான் எதுக்கு டீச்சர் தாங்க்யூ சொன்னேன்?" அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது, ஏனென்றால் தெரிந்துதான் நீ இங்கிலீஷில் சொன்னாய். போ என்று தமிழில் சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள், அழுவாள், சுற்றி நிற்பவர்களுக்கு உன் யோக்கியதை புரியும். அவளுக்கு அரைகுறையாகப் புரிகிற பாஷையாகப் பார்த்து எடுத்தாய். மாட்டுக்கு ஊசி போடுகிறவன்கூட முதலில் தடவிக்கொடுக்கிறான், நீ அதற்கும் சோம்பல்பட்டாய்.

வானூருக்கு நானே போய்ச் சொன்னேன். காசிலிங்கம் பாவி மனிதர் நம்பவில்லை, மாப்பிள்ளை அப்படிச் சொல்கிறவர் இல்லை, என் பெண்தான் இங்கிலீஷ் தெரியாமல் எதையோ தப்பாகக் கேட்டுவிட்டாள், அவளைக் கண்டியுங்கள் என்று என்னிடமே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்தார். அப்புறமும் காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

இனி நடக்க வேண்டியதைக் கேட்டுக்கொள். பாஞ்சாலையை எங்கேயும் கொண்டுபோய் விடுவதாக இல்லை. அவள் விஷயத்தை அவளே பேசட்டும் என்று அவளிடமே கேட்டேன். முற்றத்தில் துணி உதறிக்கொண்டிருந்தவள், அதை நிறுத்தாமல் சொன்னாள். "நான் போவ மாட்டேன் அத்தே. போவணும்னா அவரே வரட்டும். எங்கப்பா வூட்டுக்கு அவரே இட்டுக்கினு போயி, அப்பா எதிருல நிக்க வெச்சி, எதுக்குன்னு தமிழ்ல சொல்லட்டும். அப்பறம் எந்தக் காயிதம்னாலும் குடுக்கட்டும், கையெழுத்துப் போடறேன்." எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அப்படி வந்தால் நீ சொன்ன வாக்கியமும் நடந்துவிடும், அவள் புரிந்துகொண்டதும் நடந்துவிடும், அவளும் போவாள், நீயும் போவாய். சலவை வேட்டி கட்டிக்கொண்டு அந்த மனிதர் பஸ் நிற்கிற இடத்திலேயே உனக்காக நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா. உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், பெற்றவள் அல்லவா. வராமல் வக்கீலை வைத்து அனுப்பினால் கோர்ட்டில் எல்லாம் தமிழில்தான் கேட்பார்கள், சம்மதம் சொன்னாள் என்று நீ சொன்னால், எந்த வாக்கியத்துக்கு என்று கேட்பார்கள். அன்றைக்குப் பக்கத்தில் நின்றவள் நான். சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள், நான் வருவேன், ஒரு கல் உப்புக்கூடக் குறைக்காமல் சொல்லுவேன்.

அம்மன் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், நல்ல ஞாபகசக்தியையும் கொடுக்கட்டும், இரண்டும் சேர்ந்தால்தான் என் ஆசீர்வாதம் பலிக்கும். அந்தப் பெண்ணுக்கு, டைப் அடிக்கிறவளுக்கு, நீ என்ன பாஷையில் பேசுகிறாயோ தெரியாது, அவளையும் அம்மன் காப்பாற்றட்டும். மறக்காமல் ஒன்று, இனி தபால் ஆபீசுக்கு டெலிபோன் போடாதே, போட்டால் எடுக்கப் போவது நான்.

இப்படிக்கு,
பாஞ்சாலையின் மாமியார்
தெய்வநாயகி