சுவரில் அடைத்த ஓட்டைகள்

என் அருமை அண்ணா,

மேல் வீட்டில் நீங்கள் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த ஐப்பசியிலும் மழை கொட்டித் தீர்க்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "பாழாப்போன மழை கொண்டுபோயிருச்சே" என்றுதான் சொன்னார்கள். மழை என்ன செய்தது? அது பாட்டுக்குப் பெய்தது.

நேற்று அண்ணி பக்கத்து மலையூரான இத்தலாரிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தார். உங்கள் வீட்டுக்கும் கீழே இருக்கும் என் வீட்டுக்கும் நடுவே இடிந்து கிடக்கிறதே மண் சரியாமல் தாங்கிய தடுப்புச் சுவர், அதைத் திரும்பக் கட்ட வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்க நீங்கள் தோண்டிய உறிஞ்சுகுழியையும் அதே இடத்தில் போட வேண்டுமாம். உங்கள் கையால் தோண்டியது என்று அண்ணிக்கு ஆசை.

கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "இதென்ன கோயமுத்தூருங்களா? செவுத்துக்கு முதுகுல தண்ணிய எறக்குனா மண்ணு ஊறித் தள்ளாதுங்களா?" பிறகு இடிந்த துண்டு ஒன்றைப் புரட்டினார். "அட, தண்ணி வடிய உட்ட ஓட்டையெல்லாம் சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்குது! ஏனுங்க?"

"அவருதானுங்க அடைச்சாரு. எதுக்குன்னே எனக்கு வெளங்கல" என்றார் அண்ணி.

காப்பித் தம்ளரோடு நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல நின்றேன்.

கோயமுத்தூரில் அப்பா போட்ட மாதிரியே நீங்களும் குழி போட்டீர்கள். அது மலைக்கு ஆகாது என்று நம் இருவருக்கும் தெரியவில்லை. அன்று முதல் அந்த ஓட்டைகள் வழியே செம்மண் தண்ணீர் என் துணிக்கொடியில் வடிந்தது. நான்தான் படியேறி வந்து கத்தினேன். "உங்க ஊட்டுத் தண்ணியெல்லாம் எந் துணி மேல வுழுவுதுங்ணா. அடைச்சுத் தொலைங்க!" ஞாயிற்றுக்கிழமை நீங்களே சிமெண்ட் குழைத்துக்கொண்டு வந்தீர்கள். "இப்பச் செரியா அம்முணி?" என்று சிரித்தீர்கள்.

என் பேச்சை ஏன் கேட்டீர்கள் அண்ணா? நான் அழுதால் எதையும் செய்துவிடுவது சின்ன வயசிலிருந்தே உங்கள் கெட்ட பழக்கம். ஒரே ஒரு தடவை, "போ அம்முணி, வேற எடத்துல காயப்போடு" என்று திட்டியிருக்கக் கூடாதா? உங்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழையில் சுவர் வயிறு தள்ளி நின்றதைப் பார்க்கக் காலையில் இறங்கி வந்தீர்கள். "நீ தள்ளி நில்லு" என்றீர்கள். நான் தள்ளி நின்றேன். நீங்கள் நிற்கவில்லை.

இனிக் குழி சரிவை விட்டு விலகி, என் வீட்டுப் பக்கவாட்டுச் சமதளத்தில் வரும். கூரைத் தண்ணீர் படியோரக் குழாயில் இறங்கி அங்கே போகும். அது என் மகனுக்கு அறை கட்ட வைத்திருந்த இடம். கொத்தனார் கேட்டதும் கொடுத்துவிட்டேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எத்தனை பெரிய மனசு!" என்று அழுதார். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லுங்கள்?

புதுச் சுவரின் ஓட்டைகளில் எவ்வளவு வடிந்தாலும் வாய் திறக்க மாட்டேன். ஆனால் ஒன்றுக்கு வாய் திறப்பேன். வேறு யார் கண்ணிலும் படும் முன்பே இந்தக் கடிதத்தை அண்ணியிடம் நானே படித்துக் காட்டுவேன். அதன் பிறகு அவர் என் கையைப் பிடிக்க வேண்டாம்.

கீழ் வீட்டிலிருந்து,
உங்கள் அம்முணி