மூன்றாம் பாடத்தில் ஒரு பெண்குரல்

உங்கள் கம்பளிக் குல்லாயைத் துவைக்கலாமா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் தலையெண்ணெய் வாசம் அதிலிருந்து இன்னும் போகவில்லை. அப்போதுதான் அலமாரிக்குள் உங்கள் போன் சத்தம் கொடுத்தது. நீங்கள் போய் மாதக்கணக்காகியும் அதற்குச் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு எவனாவது ஏமாற்றுக்காரன் கூப்பிட்டால் நான் எடுத்துக் கேட்கவேண்டும் அல்லவா.

வந்திருந்தது இங்கிலீஷில் ஒரு மெயில். யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள். நீங்கள் லத்தீன் கற்றுக்கொண்ட அந்த இலவச இணையதளத்தைச் சேர்ந்தவளாம். நீங்கள் வாசித்துப் பதிவுசெய்து கொடுத்த மூன்றாம் பாடத்தில், பாதியில் ஒரு பெண்குரல் கேட்கிறதாம். வேறொருவர் அதைச் சுத்தமாக வாசித்துத் தரத் தயாராக இருக்கிறாராம். உங்களுடையதை எடுத்துவிட்டு அதைப் போடலாமா, மாத முடிவுக்குள் பதில் இல்லையென்றால் மாற்றிவிடுவோம் என்று எழுதியிருந்தாள்.

நீங்கள் எப்போது வாசித்துக் கொடுத்தீர்கள்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கோயமுத்தூருக்கு, நம் மகளுக்குப் போன் செய்தேன். "எதையும் தொடாதீங்க அம்மா. மொதல்ல பாசமா எழுதுவாங்க, அப்புறம் அக்கௌண்ட் நம்பர் கேப்பாங்க" என்றாள். நான் வளர்த்த பிள்ளை, வேறெப்படிப் பேசுவாள்.

என் சந்தேகப் புத்தி உங்களுக்குப் புதிதில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் தேயிலை ஃபாக்டரியில் சிறு விவசாயிகளின் பச்சை இலையை எடைபோட்டு வாங்கினவள் நான். மூட்டையின் மேலே எல்லாம் கொழுந்தாக இருக்கும். கையை அடிவரை விட்டால் முற்றலும் ஈரமுமாக வரும். எடை ஏறுவதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்து, மழையில் நனைந்துவிட்டது என்பார்கள், சுள்ளென்ற வெயிலில் நின்றுகொண்டு. அந்தக் கை வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. "உனக்குக் கண்ணு விரல் நுனியில இருக்குது அம்மிணி" என்று கேலி செய்வீர்கள்.

நீங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். டாக்டர் சீட்டில் கிறுக்கிய பி.டி., டி.டி.எஸ். எழுத்துகளைப் பார்த்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று தொழிலாளிகளுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றீர்கள். அப்புறம்தான் அதெல்லாம் எந்தப் பாஷையிலிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தீர்கள். லத்தீன் என்றீர்கள். இப்போது யார் வீட்டிலும் பேசாத பாஷை என்றும் சொன்னீர்கள். அப்படிப்பட்டதைப் படித்து யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். பாடத்தைச் சொல்லித்தருவதற்கும், ரோமாபுரிச் சரித்திரத்தை வாசித்துக் காட்டுவதற்கும், புத்தகங்களை இறக்கிக்கொள்வதற்கும் காசே வேண்டாம் என்றபோதுதான் எனக்குப் பகீரென்றது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஊர் பேர் தெரியாதவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான் என்றீர்கள். அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

ரோமாபுரிக் கப்பல்கள் நம் பக்கத்து மிளகுக்குப் பொன்னைக் கொட்டிக் கொடுத்த கதையைச் சாப்பிடும்போது சொன்னீர்கள். அந்த மிளகிலும் எவனாவது தண்ணீர் தெளித்திருப்பான் என்றேன். உங்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அப்புறம், மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, கம்பளியைத் தலைவரை போர்த்திக்கொண்டு போனோடு முணுமுணுக்கத் தொடங்கினீர்கள். வயதான காலத்தில் எவளோடாவது பேச்சா, இல்லை புத்திதான் தடுமாறுகிறதா என்று கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். எனக்கு நானே படித்துக்கொள்கிறேன் என்பீர்கள். நான் நம்பியதே இல்லை.

இந்த மெயிலையும் நம்பவில்லை. ஆனால் பொய்யென்று தள்ளிவிட்டு, அது உண்மையாக இருந்து, உங்கள் குரலை எடுத்துவிட்டால்? வீட்டில் உங்கள் போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. மெயிலில் இருந்த சுட்டியை நான் தொடவில்லை, அவ்வளவு ஏமாளி இல்லை. போனில் நீங்களே சேமித்து வைத்திருந்த தளத்தைத் திறந்து, உங்கள் பெயரைத் தேடி, முதல் பாடத்தை அமுக்கினேன்.

நீங்கள்தான். மாத்திரை கொடுக்கும்போது பேசுகிற அதே நிதானம். அந்த ஊர் பேர் தெரியாதவர்களில் நீங்களும் ஒருவர் என்று சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தால், எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது. மூன்றாம் பாடத்துக்கு வந்தேன். பாதியில், தகரக் கூரை மழைக்கு மேலே, என் குரல்.

"ஏனுங்க, கதவைச் சாத்தீட்டு யாருகூடப் பேசறீங்க?"

"இதா வந்தர்றேன் அம்மிணி" என்கிறீர்கள். பிறகு, விட்ட இடத்திலிருந்து லத்தீன்.

அழுதேன். அழுதுகொண்டே பின்னால் தள்ளித் தள்ளித் திரும்பவும் கேட்டேன்.

ஆனாலும் விடவில்லை. நீங்கள் வாசித்த பாடங்கள் அத்தனையையும் உட்கார்ந்து கேட்டேன். நம் வீடு கூடலூர் ரோட்டின் மேல் இருக்கிறது. ஹாரன் அடிக்காமல் எந்த லாரியும் நடுவட்டத்து வளைவில் திரும்பாது. உங்கள் பாடங்கள் ஒன்றிலும் ஒரு ஹாரன் இல்லை, நாய் குரைக்கவில்லை, உங்கள் இருமல்கூட இல்லை. அத்தனையும் வெட்டியெடுக்கத் தெரிந்தவர் என்னை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்? மறந்திருப்பார் என்கிறாள் மகள். வேண்டுமென்றேதான் விட்டீர்கள் என்று எனக்குச் சந்தேகம். என் ஆயுளில் நான் பட்ட சந்தேகங்களில் இது ஒன்றாவது நிஜமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பதில் எழுதினேன். வாசித்தவர் காலமாகிவிட்டார், அந்தப் பெண்குரல் அவர் மனைவியுடையது, தயவுசெய்து எடுக்கவேண்டாம் என்று. மறுநாளே பதில் வந்தது. புதியவர் வாசித்ததைத் தனியாகப் போடுவார்களாம். உங்களுடையது அப்படியே இருக்குமாம். வாசித்தவர் பெயர் போடுகிற இடத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் சேர்க்கட்டுமா, முழுப் பெயர் என்ன என்று கேட்டிருந்தாள்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடமே அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பெயர் சொன்னவள் நான். கல்யாணமாகியும் இனிஷியலை மாற்றவில்லை. மாற்றினால் பி.எஃப். பணத்தில் சிக்கல் வரும் என்று என் அப்பாவின் எழுத்தையே கடைசிவரை வைத்துக்கொண்டேன். அதைப் பற்றி நீங்கள் ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முகம் தெரியாத அந்த அம்மாளுக்கு என் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். முன்னால் உங்கள் எழுத்தைப் போட்டு.